கிரிஃபின், ஆந்தை, பாம்பு, பிறகு அழகி

ஐஸ் ஹாக்கியில் எல்லோரும் பக்கைத் துரத்துவார்கள். ஒருவர் மட்டும் அது தன்மேல் வந்து விழட்டும் என்று நிற்பார். பக் என்பது 170 கிராம் கெட்டி ரப்பர் வில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதை வெறும் முகத்தால் வாங்கிக்கொள்வதுதான் வீரம் என்று வட அமெரிக்க ஆண்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

1927இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோல் காத்த எலிசபெத் கிரஹாமுக்கு அந்த நம்பிக்கை இல்லை. வாள்சண்டைக்காரர்கள் போடும் கம்பிவலை முகமூடியை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிவிட்டார். பல் வைத்தியத்துக்குக் கொட்டின காசு வீணாகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். விளையாட்டு வரலாற்றில் தகப்பனின் சிக்கனம் செய்த சேவைகளை யாராவது தனியாக எழுத வேண்டும்.

இந்த ஞானம் ஆண்களின் பெரிய லீகான என்ஹெச்எல்லில் நிலைபெற மேற்கொண்டு 32 வருடம் பிடித்தது. 1959 நவம்பர் 1, நியூயார்க்கில் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் முகத்தில் பக்கை வாங்கினார். தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கோச் டோ பிளேக்குக்கு முகமூடி என்றாலே ஆகாது. ஆனால் மாற்று கோல்கீப்பரைக் கூட வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று அணிகளுக்கு இல்லாததால் வேறு வழியும் இல்லை. வரலாறு பிளான்ட்டைத் தீர்க்கதரிசி என்கிறது. கிரஹாமை அடிக்குறிப்பில் போட்டது.

முகமூடியால் ஓர் உபரி லாபம்: உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பக்குக்குத் தெரியாது. ஆண்களின் தொழில்முறை ஆட்டத்துக்குள் பெண்கள் முதலில் கோல் வழியாக நுழைந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1992இல் டாம்பா பே என்ற என்ஹெச்எல் அணியை ஆரம்பித்த ஃபில் எஸ்போசிட்டோவுக்கு ஒரு கவலை. ஐஸை ஜூஸில் மட்டுமே பார்த்துப் பழகிய ஃபுளோரிடா மக்களுக்கு டிக்கெட் விற்க வேண்டும். மனோன் ரேயோம் என்ற பெண் கோல்கீப்பரைக் கூப்பிட்டார். ஒரு கண்காட்சி ஆட்டம், ஒரே பீரியட், ஒன்பது ஷாட், இரண்டு கோல். விளம்பரத்துக்காகத்தான் கூப்பிட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்ட அளவில் எஸ்போசிட்டோ நல்ல மனிதர். அந்த நேர்மை பிற்பாடு வந்த பலரிடம் கிடையாது.

இப்போது நம் கதாநாயகி. ஷானன் சபாடோஸ், 1986இல் எட்மன்டனில் பிறந்தவர். 16 வயதில் ஆண்களின் மேற்கத்திய ஜூனியர் லீகில் டிரை-சிட்டி அமெரிக்கன்ஸ் அணிக்காக இறங்கினார். அந்த லீகில் ஆடிய முதல் பெண். ஆடிய நேரம் 20 விநாடி. ஒரு ஷாட்கூட வரவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கும் நேரத்தில் சரித்திரம் படைத்துவிட்டு வெளியே வந்தார். ஒரு படி கீழான ஆல்பர்ட்டா ஜூனியர் லீகில் நிஜமாகவே ஆடவிட்டார்கள். விளைவு, 2007இல் சிறந்த கோல்கீப்பர் விருதைப் பையன்கள் எல்லோரையும் தாண்டி வாங்கினார்.

அப்புறம் கல்லூரி. அங்கேயும் ஆண்கள் அணிதான். முதலில் கிராண்ட் மக்யூவன் கல்லூரி. அதுவே பிற்பாடு பல்கலைக்கழகமாகியது. அணியின் பெயர் கிரிஃபின்ஸ்: தலை கழுகு, உடம்பு சிங்கம். பிறகு நெயிட் என்ற தொழில்நுட்பக் கல்லூரி. அதன் சின்னம் பனி ஆந்தை. இந்தக் கல்லூரிக்காரர்கள் மனிதப் பிறவியின் பெயரை ஓர் அணிக்கு வைக்க ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

இந்த இரண்டு பிராணிகளுக்கும் நடுவே ஒரு ஒலிம்பிக். 2010 வான்கூவர் இறுதிப்போட்டியில் அமெரிக்காவை ஒரு கோல்கூடப் போடவிடவில்லை, கனடா 2-0. ஆட்டம் முடிந்ததும் கனடிய வீராங்கனைகள் காலி அரங்கின் பனியில் சுருட்டும் பீருமாக உட்கார்ந்து கொண்டாடினார்கள். ஒலிம்பிக் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு கோலையும் போட்ட மரி-ஃபிலிப் பூலானுக்கு வயது 18. அந்த மாகாணத்தில் குடிக்க 19 ஆக வேண்டும். தங்கம் வாங்க வயது வந்துவிட்டது, பீர் வாங்கத்தான் வரவில்லை.

2014 சோச்சியில் இன்னும் வேடிக்கை. அமெரிக்கா 2-1 என்று முன்னிலை, ஆட்டம் முடியும் தறுவாய். கூடுதலாக ஓர் ஆளைத் தாக்குதலுக்கு அனுப்ப சபாடோஸை வெளியே அழைத்துவிட்டார்கள். காலிக் கோலை நோக்கி அமெரிக்கப் பக் பனி முழுக்க உருண்டு போய்க் கம்பத்தில் இடித்து நின்றது. சபாடோஸின் வாழ்க்கையிலேயே முக்கியமான தடுப்பை அவர் பெஞ்சில் இருந்தபோது ஓர் இரும்புக் கம்பம் செய்துகொடுத்தது. 54.6 விநாடி மீதம் இருக்கையில் பூலான் சமன் செய்தார். ஓவர்டைமில் வென்றும் கொடுத்தார்.

இரண்டாவது தங்கத்தோடு ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 4 அன்று உள்ளூர் என்ஹெச்எல் அணியான எட்மன்டன் ஆய்லர்ஸ் ஒரு கோல்கீப்பரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. அவருக்குப் பதிலாக வர வேண்டியவர் ஊர் வந்து சேரவில்லை. ஒரு ராத்திரிக்குப் பெஞ்சில் உட்கார ஆள் வேண்டும். சபாடோஸ் இருக்கிறாரே என்று ரசிகர்கள் ட்விட்டரில் கூச்சல் போட்டார்கள். பந்தியில் பரிமாற ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவதுபோல, ஆய்லர்ஸ் உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. பையன்மேல் தப்பில்லை, நல்ல கோல்கீப்பர்தான். ஆனால் இரண்டு ஒலிம்பிக் தங்கம் பெஞ்சில் சும்மா உட்காரக்கூட லாயக்கில்லை என்று ஆகிவிட்டதே! மறுநாள் மனசு உறுத்தியதோ என்னவோ, பயிற்சிக்கு வாருங்கள் அம்மணி என்று அழைத்தார்கள். போனார். சிரித்துக்கொண்டே ஆடினார். புகைப்படங்கள் பிரமாதமாக வந்தன.

நிஜமான வேலை ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸிலிருந்து வந்தது. பீச் பழம் விளைகிற வெயில் பூமி. அணியின் பெயர் காட்டன்மவுத்ஸ், அந்தப் பக்கத்துச் சதுப்புகளில் வாழும் விஷப்பாம்பு. தெற்கத்தியத் தொழில்முறை லீக் என்பது தொழில்முறை ஹாக்கி மாடிப்படியின் கீழ்ப்படிகளில் ஒன்று. சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. இங்கும் சக வீரர்கள் அத்தனை பேரும் ஆண்கள். மார்ச் 15 அன்று நாக்ஸ்வில்லுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 27 ஷாட்டுகளைத் தடுத்தும் 4-3 என்று தோல்வி. டிக்கெட்டுக்காகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 2015 டிசம்பர் 26, ஹன்ட்ஸ்வில்லுக்கு எதிராக 33 ஷாட். முப்பத்து மூன்றும் உள்ளே போகவில்லை, 3-0. ஆண்களின் தொழில்முறை ஹாக்கியில் ஒரு பெண்ணின் முதல் ஷட்அவுட். கிறிஸ்துமஸ் கேக் செரிப்பதற்குள் ஹன்ட்ஸ்வில் ஆண்கள் சரித்திரத்தில் இடம் பெற்றார்கள். அவர்கள் கேட்டு வாங்கிய இடமல்ல.

சபாடோஸ் பாம்புக் கூடாரத்தில் இருந்தபோதே, 2015இல், பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கும் லீக் ஒன்று அமெரிக்காவில் பிறந்துவிட்டது. மறுவருடமே பணம் போதவில்லை என்று சம்பளத்தை வெட்டியது. 2018இல் சபாடோஸ் அதில் சேர்ந்த அணி பஃபலோ பியூட்ஸ். அதாவது பஃபலோ அழகிகள். கழுகுச் சிங்கம், ஆந்தை, விஷப்பாம்பு எல்லாம் கடந்து கடைசியில் மனிதப் பிறவி கிடைத்தது. கிடைத்த அன்றே அழகியாகவும் இருக்கச் சொல்லிவிட்டார்கள், அதுவும் முகமே தெரியாத ஓர் ஆளை. அந்த சீசன் இறுதிப்போட்டியில் அழகிகள் மினசோட்டாவிடம் ஓவர்டைமில் 2-1 என்று தோற்றார்கள். பொம்பளை ஆடினதால்தான் தோற்றது என்று சொல்லலாமென்றால், ஜெயித்ததும் பொம்பளைகள்.