பாட்டாவின் மண்டை அளவு

டப்ளின்,
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

குளிரையும் மழையையும் பற்றி வாராவாரம் போனில் புலம்பிவிடுவதால் இங்கே வேண்டாம். போனில் பேச முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ ஸ்பீக்கரில் போடாமல் பேசியதே கிடையாது. பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் பாட்டா. காது மந்தம் என்பார், தன் பேச்சு அடிபட்டால் மட்டும் பாம்புச் செவி.

மார்கழிக்குள் பாட்டாவுக்கு என் கையாலேயே ஒரு குரங்குக் குல்லா பின்னப் போகிறேன். சிரிக்காதே. குரோஷா ஊசியில்தான். காலையில் 23 டிகிரி ஆனாலே “பனி மண்டையில எறங்கிரும்” என்று துண்டால் காதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற மனுஷன் அவர். இங்கே 3 டிகிரியில் பள்ளிக்கூடப் பையன்கள் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்கிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து நாகர்கோவிலுக்குக் குல்லா பின்னுகிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் வாரம் ஒரு நாள் பின்னல் கூட்டம். டீயும் பிஸ்கட்டும் இலவசம். முதலில் போனது அதற்குத்தான். எல்லாரும் எழுபது தாண்டிய பாட்டிமார். ஊசி ஓடும் வேகத்தில் ஊர்க்கதையும் ஓடும். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்ததாம். 1847-இல் குளோனிஸ் என்ற ஊரில் பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் ஏழைப் பெண்களுக்கு இந்தக் குரோஷாப் பின்னலைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தாராம். அதில்தான் பல வீடுகளில் அடுப்பெரிந்ததாம். நான் விடுவேனா? எங்கள் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களிலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார் என்று எடுத்துவிட்டேன். ஊர் மானம் தப்பியது.

இன்னொன்றும் சொன்னார்கள். ஸ்வெட்டர் பின்ன ஆலைகளில் மெஷின் உண்டு, குரோஷாவுக்குக் கிடையாது. அசல் குரோஷா என்றால், கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும் யாரோ உட்கார்ந்து கையால் போட்டதுதான். அதிலிருந்து 5 யூரோ தொப்பியைப் பார்த்தால், கடைக்காரன் லாபம் போக அந்தக் கைக்கு என்ன தேறியிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. எரிச்சலாக வருகிறது.

பழகுவதற்காக என் அளவில் கறுப்புக் கம்பளியில் ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். நமக்குக் குரங்குக் குல்லா என்றால் ஊட்டி, அல்லது ராத்திரி வாட்ச்மேன். இங்கே பேங்க் கொள்ளைக்காரன், இல்லாவிட்டால் வட அயர்லாந்துக் கலவர காலத்துத் துப்பாக்கிக்காரன். அது நினைவில்லாமல் ட்ராமில், கழுத்துப் பக்கம் சரியா என்று தலையில் மாட்டிப் பார்த்தேன். கையில் ஊசி வேறு. ஆபீஸ் விடுகிற நெரிசலில் என் பக்கத்து சீட் மட்டும் கடைசி வரை காலி. குல்லாவைக் கழற்றி நிம்மதியாக இன்னும் நாலு சுற்றுப் பின்னினேன்.

பாட்டாவுக்குப் பருத்தி நூல் வாங்கியிருக்கிறேன். கம்பளி என்றால் மண்டை வெந்துவிடும். குல்லா உச்சியில் தொடங்கும். சின்ன வளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24. சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் தட்டையாக வரும். அதிகமானால் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். கூட்டுவதை எங்கே நிறுத்துவது என்பதற்குத் தலைச் சுற்றளவை 3.14-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 57 சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் விட்டம் 18-க்குக் கொஞ்சம் மேலே.

ஆகவே அவர் மண்டை அளவு வேண்டும். மத்தியானம் மீன்குழம்புச் சோறு உள்ளே போய்க் குறட்டை கேட்டதும், தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலாகச் சுற்றிப் பார்த்துவிடு. நடுவில் முழித்துக்கொண்டால் டாக்டர் கேட்டார் என்று மட்டும் சொல்லாதே. தலையில் என்ன வியாதி என்று தெரு முழுக்க விசாரிப்பார். உச்சியிலிருந்து தாடை வரைக்கும் ஓர் அளவு வேண்டும். அது உன்னால் ஆகாது, முடிவெட்டும்போது எடுக்கச் சலூன்காரரிடம் சொல்லிவை. வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் போடு, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

அப்புறம், அப்பாவிடம் உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டுவிடாதே. வேண்டும் என்பார்.

உன் மகன்