‘சரி’யின் எடை: சேர்வராயன் மலையில் சம்மதம் குறித்து ஓர் ஆய்வு

சம்மதம் தெரிவிக்கும் சொற்களை மொழிவாரியாகத் திரட்டி அடுக்குவது அகராதிக்காரர்களுக்குப் பிடித்தமான வேலை. ஆங்கிலத்துக்கு எஸ், ஓகே, ஷ்யூர், ஃபைன். செக் மொழிக்கு அனோ, யோ, டோப்ர்ஷே என்று எதிரெதிரே எழுதி, நடுவில் ஒரு கோடு கிழித்தால் முடிந்தது. தமிழுக்கும் அப்படி ஒரு வரிசை போட ஆசைப்படுகிறவருக்குச் சொற்பஞ்சம் வராது: ஆம், சரி, இசைவு, உடன்பாடு, ஒப்புதல், ஆகட்டும், அப்படியே, ம். ஆனால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு வந்து இறங்குகிறவர், ஏரிக்கரையில் முதல் பேரம் படிவதற்குள் அதைக் கசக்கிப் போட்டுவிடுவார். அங்கே ‘சரி’ சொன்னவர் சம்மதித்திருக்க மாட்டார். சம்மதித்தவர் வாயே திறந்திருக்க மாட்டார். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்: தமிழில் சம்மதமும் சம்மதச் சொல்லும் தலைகீழ் விகிதத்தில் நடக்கின்றன. சொல் கூடக் கூடச் சம்மதம் குறையும். ஆய்வுக்களமாகச் சேர்வராயன் மலையைத் தேர்ந்தது குளிருக்காக அல்ல. மே மாதக் கோடை விழாவின்போது அறை, படகு, வண்டி, மிளகு என்று எதை எடுத்தாலும் கேட்பவர் பலராகவும் கொடுப்பவர் சிலராகவும் இருப்பதால், சம்மதம் என்ற பொருள் இவ்வளவு அழுத்தத்தில் கிடைக்கும் இடம் மாவட்டத்தில் வேறில்லை.

முதல் சான்று இலக்கணத்திலிருந்தே கிடைக்கிறது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூல், விடையை எட்டாக வகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தவர்கள் பல லட்சம். கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. சுட்டு விடை வழி காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மிச்சம் ஏழில் நேர் விடை ஒன்றுதான் வெளிப்படையான சம்மதம். வினா எதிர் வினாதல் சுற்றி வளைத்துச் சம்மதிக்கிறது. மற்ற ஐந்தும் மறுப்பு. அதிலும் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது ஒன்றே ஒன்று, நான்கு மறைமுகம். ஆக ஏழுக்கு ஐந்து முடியாது என்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மே மாத இரண்டாம் சனிக்கிழமைக்கு ஏற்காட்டில் ஓர் அறை கேட்டுப் பார்த்தால் இந்தப் பாகுபாடு கொஞ்சமும் பழசாகவில்லை என்று தெரியும். “ஆன்லைன்ல நீங்களே பாத்துக்குங்க” என்பது ஏவல். “போன வாரமே ஃபுல்லாயிடுச்சுங்க” என்பது உற்றது உரைத்தல். “மழை வந்தா அந்த ரூம் ஒழுகுமுங்க” என்பது உறுவது கூறல். “ஜூன்ல வாங்க, தர்றேன்” என்பது இனமொழி. இவை நான்கையும் மறுப்பு என்று புரிந்துகொள்ளத் தமிழருக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. வினா எதிர் வினாதலிடம்தான் எச்சரிக்கை வேண்டும். “உங்களுக்கு இல்லாமயாங்க?” என்ற பதில் இலக்கணப்படி முழுச் சம்மதம். அதை நம்பிக் குடும்பத்தோடு மலையேறியவர் இரவு எங்கே படுத்தார் என்பதை நன்னூல் சொல்லவில்லை.

எஞ்சியிருக்கும் நேர் விடையையாவது நம்பலாமா? ‘சரி’யைத் தராசில் வைப்போம். ஒற்றைச் ‘சரி’, கீழ்ஸ்தாயியில், கண்ணைப் பார்த்து வந்தால் ஓரளவு பலன் உண்டு. ‘சரிங்க’ என்றால் மரியாதை ஏறுகிறது, உறுதி ஏறவில்லை. ‘சரி சரி’ என்று இரட்டித்தால் பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று முறை வந்தால் கோபம்; நான்காவது வருவதற்குள் கேட்டவர் கிளம்பிவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் ‘எஸ், எஸ்’ என்று அடுக்கும்போது ஆர்வம் கூடுவதும் உண்டு. நம் ‘சரி’க்கு அந்த யோகம் இல்லை. காரணம், ‘சரி’ பெரும்பாலும் சம்மதச் சீட்டே அல்ல, வெறும் பற்றுச்சீட்டு: நீ சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை விமானிகள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். உலகெங்கும் வானொலிப் பேச்சில் ‘ரோஜர்’ என்றால் செய்தி முழுவதும் கிடைத்தது. ‘வில்கோ’ என்றால் கிடைத்தது, அதன்படி செய்வேன். ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்லக் கூடாது. மலைக்குக் கீழே ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இறங்கும் விமானங்களில் கறாராகப் பிரித்து வைக்கப்படும் இரண்டு பொருளும், அதே பயணி டாக்ஸி பிடித்த மறு நிமிடம் ‘சரி’ என்ற ஒரே சொல்லுக்குள் மறுபடியும் கலந்துவிடுகின்றன. காமராசர் இந்தக் குழப்பத்துக்கு ஆட்சிமுறையிலேயே ஒரு தீர்வு வைத்திருந்தார். கோரிக்கையோடு வந்தவர்களிடம் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பது அவருடைய வழக்கம் என்று ஊரே அறியும். ஆகட்டும் என்பது சம்மதம், பார்க்கலாம் என்பது ஒத்திவைப்பு. ஒன்றையொன்று கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். ஆனாலும் அவர் செய்தார், பள்ளிகளும் அணைகளும் எழுந்தன. சொல்லில் சம்மதம் எவ்வளவு குறைவோ செயலில் அவ்வளவு மிகுதி என்ற நம் விதிக்கு 1954 முதல் 1963 வரையிலான ஒன்பதாண்டு ஆட்சியைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது.

பிற மொழிகள் இதில் தேறிவிட்டன என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘ஓகே’ பிறந்தது 1839-இல், பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில், எல்லாம் சரி என்பதை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி அதைச் சுருக்கிய வேடிக்கையாக. சரி என்று சொல்லவே தப்பாக எழுத வேண்டியிருந்தது. செக் நாட்டின் நிலை இன்னும் சிக்கல். அங்கே சம்மதத்துக்குரிய சொல் ‘அனோ’. பேச்சில் அதன் தலை தேய்ந்து ‘நொ’ என்றும் வரும். அதற்கும் பொருள் ஆமாம்தான். 2011-இல் ஆந்த்ரே பபிஷ் தொடங்கிய இயக்கத்துக்கு ‘அனோ’ என்று பெயர். அந்த மூன்றெழுத்தின் விரிவோ ‘அதிருப்தியுற்ற குடிமக்களின் செயல்பாடு’. ஆமாம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிருப்தி உட்கார்ந்திருக்கிறது. ஆறே ஆண்டில் அவர் பிரதமரும் ஆனார். இப்போது ஒரு சிந்தனைச் சோதனை. பிராகாவிலிருந்து வந்த பயணி ஏற்காட்டு விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் நிற்கிறார். அறை வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அசதியில் தாய்மொழி முந்திக்கொள்ள, அவர் ‘நொ’ என்கிறார். மேசைக்குப் பின்னாலிருப்பவர், தரலாம் என்ற பொருளில், தலையை இடமும் வலமுமாக நம் முறைப்படி ஆட்டுகிறார். இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டார்கள். வரிசையில் அடுத்து நிற்கும் ஆங்கிலேயர் இரண்டு மறுப்புகளைக் கண்ணால் கண்டு, பெட்டியை முன்னே தள்ளி, அந்த அறையை வாங்கிக்கொள்கிறார். சொற்பட்டியலை நன்றாகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆம் பிரிவில், இருவர் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஏற்பதே சம்மதம் என்று தெளிவாகச் சொல்லியிருக்க, ஊர்ப்பேச்சை வைத்து விதி செய்யலாமா என்பது அவர்கள் ஆட்சேபம். அவர்கள் சட்டத்தைப் பாதியில் மூடிவிட்டார்கள் என்பதே பதில். ஒரு முன்மொழிவின் நிபந்தனையைச் செய்து முடிப்பதே ஏற்பு என்று 8-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. வாயைத் திறக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. மிளகு வாங்கப் போனால் இதைக் காணலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து வந்த மிளகு, கடை வாசலில் சாக்கில் குவிந்திருக்கும். விலையைக் குறைத்துக் கேட்டால் கடைக்காரம்மா பதில் பேச மாட்டார். கட்டாது என்றால் ஈ ஓட்டுவார். கட்டும் என்றால் அளவு தட்டை எடுத்து மிளகை அள்ளுவார், அள்ளும்போது முகத்தில் நஷ்டம் தெரியும். தட்டு சாக்குக்குள் இறங்கிய நொடியே ஒப்பந்தம் முடிந்தது. மாறாக, “சரிங்க, எடுத்துக்குங்க, உங்களுக்குப் போய் இல்லேன்னா சொல்லப் போறேன்” என்று சொல் பெருகினால், குறைத்த விலைக்கு மேல் எங்கோ ஒரு இருபது ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. கல்யாண நிச்சயத்திலும் பேசுபவர் பேசிக்கொண்டிருக்க, முடிவைச் சொல்வது கை மாறும் தாம்பூலத் தட்டு.

சேலம் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயில்களில் கிடா வெட்டுக்கு முன் நடப்பதையும் இதே வரிசையில் வைக்கலாம். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டம் காத்திருக்கும். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால், துலுக்கிவிட்டது, உத்தரவு கிடைத்தது என்பார்கள். துலுக்காவிட்டால் இன்னொரு செம்பு தண்ணீர். தமிழ் நிலத்தில் இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து பெறப்படும் சம்மதம் வேறொன்று இல்லை. அது சொல் இல்லாத உயிரிடமிருந்து பெறப்படுவது நம் விதிக்கு வலு. ஒப்பந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கேட்கும் சுயேச்சை இதில் இருக்கிறதா என்ற கேள்வியை ஆடுதான் எழுப்ப வேண்டும். இன்னோர் ஆட்சேபம் பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிறது: 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் என்று நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலம் கற்ற மலையில் ‘எஸ்’ என்ற தெளிவான சொல் வேரூன்றியிருக்காதா? ஊன்றியிருக்கிறது; ஆனால் வருகைப்பதிவில். பெயர் கூப்பிட்டதும் மாணவர் சொல்லும் ‘எஸ் சார்’ எதற்கும் சம்மதமல்ல, உடல் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. (ஏற்காடு என்ற பெயரையே ‘ஏற்காது’ என்று படித்து ஆய்வை இரண்டு வரியில் முடிக்கலாமே என்போரும் உண்டு. ஏரியும் காடும் கண்ணெதிரே இருக்க, அந்த மலிவான வாதம் இங்கே வேண்டாம்.)

கலப்படமற்ற சம்மதத்தைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் தேடிப் பயனில்லை, மலைப்பாதைக்குத் திரும்ப வேண்டும். வளைவுக்கு முன்னால் ஏறும் வண்டி ஒலிப்பானை அடிக்கிறது: அது கேள்வி. மேலே கண்ணுக்குத் தெரியாத வண்டி பதிலுக்கு ஒருமுறை அடிக்கிறது. ஓரம் கட்டி நிற்கிறது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை, இறங்குவது நின்று வழிவிட வேண்டும் என்று சாலை விதிகள் சொல்கின்றன. விதி தெரிந்தோ தெரியாமலோ இறங்குகிறவர் நிற்கிறார். முகம் தெரியாத இருவர், ஒரே பொருளை, ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டார்கள். 13-ஆம் பிரிவு கனவு கண்ட சம்மதம் இதுதான், இடையில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

கடைசி ஆட்சேபமே கடினமானது. அதை எழுப்புபவர் நடத்துநர். ‘ரைட், ரைட்’ என்று இரட்டித்தால்தானே வண்டி நகர்கிறது, ஒற்றை விசிலுக்கு நின்று இரட்டை விசிலுக்குத்தானே கிளம்புகிறது, அப்படியானால் அடுக்கும்போது சம்மதம் கூடவில்லையா? விசிலைத் தள்ளிவிடலாம், அது சொல் அல்ல. ‘ரைட்’டையும் தள்ளலாம்: அது ஆணை, ஓட்டுநர் யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தள்ள முடியாதது ஒன்றுதான். ஒரே மடக்கில் திரும்பாமல் மாட்டிக்கொண்ட பேருந்து வளைவில் பின்வாங்கும்போது, நடத்துநர் கீழே இறங்கி “வரலாம், வரலாம், வரலாம்” என்று பத்துப் பன்னிரண்டு முறை சொல்கிறார். ஒவ்வொன்றும் மெய்யான சம்மதம். இங்கே விதி உடைந்ததாகத் தோன்றும். உற்றுக் கேட்டால், ஒரு சம்மதம் பன்னிரண்டு முறை வரவில்லை, பன்னிரண்டு சிறு சம்மதங்கள் தனித்தனியே வருகின்றன. ஒவ்வொன்றும் ஓரடி தூரத்துக்கு மட்டுமே செல்லும், அடுத்த அடிக்கு மறுபடி வாங்க வேண்டும். பாறை நெருங்க நெருங்க ‘வரலாம்’ என்பது ‘வரலா’ என்றும், ‘வர’ என்றும் தேய்கிறது, தேயத் தேய ஓட்டுநர் அதை அதிகமாக நம்புகிறார். இடம் தீர்ந்த கணத்தில் சொல்லும் தீர்ந்து, பேருந்தின் முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டு விழும்.