ஹென்றி ஃபோர்டின் ஆறாத கோபம்

ஹென்றி ஃபோர்டுக்கு ஆறு ஆகாது. ஆறு சிலிண்டர் என்ஜின் என்றாலே முகம் சுளிப்பார். 1906-ல் கூட்டாளியின் ஆசைக்காகக் கம்பெனி போட்ட மாடல் கே என்ற ஆறு சிலிண்டர் கார்தான் காரணம். விலை 2,500 டாலர். அதே கடையில் நாலு சிலிண்டர் மாடல் என், 500 டாலர் சொச்சத்துக்கு நின்றது. எது விற்றிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

பசுவுக்குக் காம்பு நாலு, என்ஜினுக்கு அதற்கு மேல் ஸ்பார்க் பிளக் எதற்கு என்று பெரியவர் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. 1929-ல் செவ்ரலே, நாலு சிலிண்டர் விலைக்கே ஆறு தருகிறோம் என்று கூவியது. வேறு யாராக இருந்தாலும் தானும் ஒரு ஆறைப் போட்டிருப்பார். ஹென்றியோ ஆற்றில் கால் நனைக்காமல் அக்கரைக்குத் தாவினார்: 1932-ல் வி8. பசுக் கணக்கு என்னாயிற்று என்று கேட்க யாருக்குத் துணிச்சல்? இரண்டு பசு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டைத் தலையால் ஃபிளாட்ஹெட் எனப்பட்ட அந்த வி8 நல்ல என்ஜின்தான். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. எட்டு சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஆனால் எரிந்த புகை நேராக வெளியே போகாமல் பிளாக்குக்குள் புகுந்து வளைந்து போகும். அடுப்புப் புகையைக் கூடத்து வழியாக வெளியே விடுகிற வீடு மாதிரி. ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்?

1941-ல் மகன் எட்செல் நச்சரித்து ஒரு ஆறைக் கொண்டுவந்துவிட்டார். 226 கன அங்குலம், 90 குதிரைசக்தி. வி8-க்கோ அதுவரை 85. மலிவான தம்பி அண்ணனை முந்தலாமா? பிறகு வி8-க்கும் 90 என்று அச்சடித்தார்கள். காகிதத்தில் குதிரை வளர்க்கத் தீவனம் வேண்டாம். 1941-ல் பிக்கப் வாங்கப் போனவருக்கு மூன்றாவதாகவும் ஒன்று கிடைத்தது: ஃபோர்டு டிராக்டரின் நாலு சிலிண்டர் என்ஜின், 30 குதிரைசக்தி. உழுதுகொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

ஹென்றி 1947 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஜனவரியில் எஃப்-1 பிக்கப் வந்தது. ஆறு சிலிண்டர் எடுத்தால் 95 குதிரைசக்தி, வி8 எடுத்தால் 100. ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பதை இவ்வளவு துல்லியமாக எந்த விலைப்பட்டியலும் சொன்னதில்லை. அதிகப்படியான இரண்டு சிலிண்டருக்கு மொத்த லாபம் ஐந்து குதிரை! இருந்தாலும் ஜனங்கள் வி8 கேட்டார்கள். சத்தம் அப்படி.

1952-ல் வால்வுகளைத் தலைமேல் வைத்த புதிய ஆறு வந்தது: 101 குதிரைசக்தி. பழைய ஃபிளாட்ஹெட் மூச்சைப் பிடித்து 106 காட்டியது. 1954 மாடல் பிக்கப்பில் அதற்கும் ஓய்வு கொடுத்து, தலைமேல் வால்வு வைத்த வேறொரு வி8-ஐ உட்காரவைத்தார்கள்.

1965-ல்தான் அசல் ஆள் வந்தான். 300 கன அங்குலம், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு பேரிங். அறுந்து கழுத்தறுக்க டைமிங் செயினும் கிடையாது, பல்சக்கரம்தான். 352, 360, 390 என்று வி8-கள் வாடகைக்கு வந்து காலி செய்துகொண்டே இருந்தன. இவன் சொந்த வீட்டுக்காரன் போல அசையவில்லை. வேகம் கேட்காதீர்கள், மூட்டை ஏற்றுங்கள், இழுப்பான். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிக்குள்கூட இவன்தான் உட்கார்ந்திருந்தான். 1996 வரை எஃப்-150-ல் ஓடினான்.

பழைய ஃபோர்டு பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு பிளக் இருந்தால் துருவைக் காட்டி விலையைக் குறையுங்கள். என்ஜினைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.