கடல் கடந்த டெனர்

வெளிநாட்டுக் கச்சேரிப் பயணம் போய்வந்த கொயர்க்காரர் சித்தூர், திருப்பதி வட்டாரச் சபைகளில் அரிதாகக் காணப்படுபவர். ஆனால் ஒருவர் இருந்தால் போதும், எல்லா இடத்திலும் அவரே இருப்பார். பெரும்பாலும் டெனர். சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் ஆள் நிறையக் கிடைக்கும், டெனருக்குக் கிடைக்காது. அதனால் கொயர் மாஸ்டர் இவரைக் கண்டிப்பதில்லை.

இவர் விளைந்த மண்ணுக்கு ஒரு பின்னணி உண்டு. 1853-ல் ஸ்கட்டர் சகோதரர்கள் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சித்தூரும் அதன் நிலையங்களில் ஒன்று. 1911-ல் தனி மாவட்டமாகும் வரை அந்த ஊர்தான் வட ஆர்க்காட்டின் தலைமையிடம். ஆகவே இவர் தமிழில் ஜெபிப்பார், தெலுங்கில் பேரம் பேசுவார், கோபம் வந்தால் ஆங்கிலம்.

‘டூர்’ என்ற சொல் காதில் விழுந்த வாரமே, போன கிறிஸ்துமசோடு காணாமல் போயிருந்தவர்கள் பிராக்டிசுக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த கட்டம் திருப்பதி பாஸ்போர்ட் சேவா மையம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், முன்னால் இண்டிபேரு என்கிற குடும்பப்பெயர் வேறு. மூன்றும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் அரை வருஷம் ஓடிவிடும். பாட்டும் அதே வேகத்தில்தான் நகரும். ஹாண்டெல் 1741-ல் ‘மெசையா’ முழுவதையும் 24 நாளில் எழுதி முடித்தார். அதில் வரும் அல்லேலூயா கோரஸில் டெனர் நுழையவேண்டிய இடம் மட்டும் இங்கே விசா வரும்வரை பிடிபடாது.

பெட்டியில் அங்கி ஒன்று, ஆவக்காய் மூன்று பாட்டில். ரேணிகுண்டா விமான நிலையத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, வேன் பிடித்துச் சென்னைக்குப் போய் விமானம் ஏறுவார்.

அமெரிக்காவில் முதல் சிக்கல் ஊர்ப்பெயர். சித்தூர் என்றால் யாருக்கும் புரியாது. ‘திருப்பதி பக்கம்’ என்று சொல்லித் தொலைப்பார். உடனே அங்குள்ள தெலுங்கர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கையைப் பிடித்து, லட்டு கொண்டுவந்தீர்களா என்பார்கள். 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டுக்காக ஒரு கிறிஸ்தவ டெனர் கடல் கடந்து மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கிறது. அடுத்த பயணத்தில் அதிலும் இரண்டு பெட்டி போகும் என்பது வேறு கதை.

இரண்டாவது சிக்கல் பாட்டில். ஊரில் கீர்த்தனை என்றால் கிழவிகள் சமாச்சாரம் என்று முகம் சுளிப்பவர் இவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரையும் (1774–1864) தெலுங்கில் எழுதிய புருஷோத்தம சௌதரியையும் காணிக்கை எடுக்கும் நேரத்துக்கென்று ஒதுக்கிவைத்தவர். அங்கேயோ அல்லேலூயாவுக்கு மரியாதையான கைதட்டல்தான். அவர்கள் ஆயிரம் தரம் கேட்டது. ‘உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று’ என்று கேட்டதும் கொயர் திருதிருவென்று விழிக்கும். யாரோ ஒரு ஆல்டோ அம்மாள், பாட்டியிடம் கேட்ட கீர்த்தனையை நோட்டுப் புத்தகம் இல்லாமல் எடுத்துவிடுவார். கூட்டம் எழுந்து நிற்கும். ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய சோல்ஃபா எழுத்துகளை வரிவரியாக நெட்டுருப் போட்டுவந்த நமது டெனர், பின்வரிசையில் வாயை மட்டும் அசைப்பார்.

ஊர் திரும்பியபின் கீர்த்தனைக்கு இவரே காவலர். ஆனால் அதை ஆங்கில உச்சரிப்பில் பாடுவார். அந்த அம்மாளுக்கு ராகம் திருத்திக் கொடுப்பார். ‘அங்கெல்லாம்’ என்று தொடங்காமல் கமிட்டிக் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்: அங்கெல்லாம் ஆராதனை நேரத்துக்குத் தொடங்கும், அங்கெல்லாம் மைக்கைத் தட்டிப் பார்க்கமாட்டார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை சாக்லேட் கிடைக்கும்.

முதல் மூன்று சனிக்கிழமை பிராக்டிசுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து கடிகாரத்தைப் பார்ப்பார். நாலாவது சனிக்கிழமை பழையபடி நாற்பது நிமிஷம் தாமதம். கேட்டால் ஜெட்லாக் என்பார். அறுப்பின் பண்டிகை வந்து போனபின்பும் அதுவேதான் பதில்.