சில்லு சொல்லும் சாட்சி

கே: ஜன்னலை உடைத்தவன் சட்டையில் ஒட்டியிருந்த சில்லு அந்த ஜன்னலுடையதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? எல்லாக் கண்ணாடியும் ஒன்றுதானே?

ப: கண்ணுக்கு ஒன்றுதான், ஒளிக்கு அப்படியில்லை. உள்ளே நுழையும் ஒளியை ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வோர் அளவில் வளைக்கும். அதுதான் ஒளிவிலகல் எண். ஜன்னல் கண்ணாடிக்கு 1.52 அளவில் இருக்கும், ஆய்வகக் குடுவைக்கு 1.47. ஜன்னலையும் குடுவையையும் பிரிக்க இரண்டு தசமம் போதும். ஜன்னலையும் ஜன்னலையும் பிரிக்க நான்காம், ஐந்தாம் தசமம் வரை போயாக வேண்டும்.

கே: மணல் அளவுச் சில்லில் அவ்வளவு துல்லியமா?

ப: சில்லை நேரடியாக அளப்பதில்லை, மறைய வைத்து அளக்கிறார்கள். சிலிக்கோன் எண்ணெய்ச் சொட்டில் சில்லை இட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் சூடேற்றுவார்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் எண்ணெயின் எண் ஏறக்குறைய 0.0004 இறங்கும், கண்ணாடியின் எண் அநேகமாக அசையாது. சில்லின் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். ஆஸ்திரியக் கனிமவியலாளர் பெக்கே பெயரால் அதைப் பெக்கே கோடு என்பார்கள். சூடு ஏற ஏறக் கோடு மங்கும். இரண்டு எண்களும் சமமாகும் கணத்தில் விளிம்பே காணாமல் போகும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால் எண் கிடைத்துவிடும். எண் தெரிந்த கண்ணாடிகளை அதே எண்ணெயில் முன்பே மறைய வைத்து அளவுகோல் போட்டிருப்பார்கள். ஒளியும் கண்டபடி இருக்கக் கூடாது. வழக்கமாக 589 நானோமீட்டர் சோடியம் மஞ்சள்.

கே: இதை வீட்டில் பார்க்க முடியுமா?

ப: போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சியைச் சூரியகாந்தி எண்ணெயில் நிறுத்திப் பாருங்கள். முங்கிய பாகம் கிட்டத்தட்டக் காணாமல் போகும்.

கே: எண் பொருந்திவிட்டால் ஆள் மாட்டினான் என்றுதானே அர்த்தம்?

ப: இல்லவே இல்லை. எண் தெளிவாக வேறுபட்டால், அந்தச் சில்லு அந்த ஜன்னலிலிருந்து வரவில்லை என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினால், ‘வந்திருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. அது உலகெங்கும் பரவியதும் ஜன்னல் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிட்டன. ஒரே எண் எத்தனையோ வீடுகளில் இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ‘பொருந்துகிறதா’ என்பதோடு முடிவதில்லை. ‘இந்த எண் எவ்வளவு அரிது’ என்பதும் வேண்டும். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி 1977-இல் இந்தக் கண்ணாடிச் சிக்கலை எடுத்துக்கொண்டுதான் அதற்குக் கணக்கு எழுதினார். அரிய எண் பொருந்தினால் கனமான சாட்சி, பரவலான எண் பொருந்தினால் லேசான சாட்சி. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத அறிக்கையை நீதிமன்றம் அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலும் பிரித்தறிய, லேசரால் துளியூண்டு ஆவியாக்கி அதில் கலந்திருக்கும் தனிமங்களை அளக்கும் வழியும் இருக்கிறது.

கே: கார் கண்ணாடிக்கும் இதேதானா?

ப: இதேதான், ஆனால் கூடுதல் கவனம் தேவை. ஒரே கண்ணாடிக்குள்ளேயே எண் இடத்துக்கு இடம் சற்று மாறும். ஒரு துண்டை மட்டும் எடுத்து வந்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும். பல இடத்துத் துண்டுகள் வேண்டும்.

கே: வெளியிலிருந்து அடித்தால் சில்லு உள்ளேதானே விழும்? அடித்தவன் மேல் எப்படி வரும்?

ப: பெரும்பகுதி உள்ளே போகும். நுண்சில்லுகள் அடித்தவன் பக்கமாகவும் தெறிக்கும். சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஒட்டும். ஆனால் நடமாடினால் சில மணி நேரத்திலேயே பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். ஆகவே துணியைச் சீக்கிரம் கைப்பற்ற வேண்டும். உடைந்த ஜன்னலைத் தொட்ட கையோடு சந்தேக நபரின் சட்டையைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது. போட்டால், ஐந்தாம் தசமம் வரை அளந்தாலும் பயனில்லை.

கே: அளந்த பிறகு சில்லு வீணா?

ப: இல்லை. எண்ணெயைக் கழுவினால் மறுபடி அளக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மறு சோதனை கேட்டால் அதே சில்லைக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும்.