பெரியப்பா பதில்கள்: தினம் ஒரு பிடி

திண்டுக்கல் வாசகர்: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாமே?

அந்த 21, மூக்கை ஒட்டி வந்த கணக்கு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் புது முகம் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்றார். அந்தக் ‘குறைந்தது’ வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பிற்பாடு லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது 66 நாள் வாக்கில் வந்தது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று கணக்கு விரிந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தடித்தது.

வேலூர் வாசகி: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால்? எனக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கத்தான் தோன்றுகிறது.

வேண்டாம் தாயே. ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒருநாள் விட்டால் ஓட்டை, மறுநாளும் விட்டால் வாசல். ஓட்டையை அடைத்துவிடுங்கள், போதும்.

கோவை கல்லூரி மாணவர்: தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷத்தில் 37 மடங்கு. சரிதானே?

பெருக்கல் சரி. 1.01-ஐ 365 முறை பெருக்கினால் 37.78. ஆனால் தம்பி, மனிதன் வங்கி வட்டி இல்லை. இன்று மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் அந்தக் கணக்குப்படி அடுத்த வருஷம் வந்தே பாரத்தை முந்த வேண்டும். முதலில் மளமளவென்று ஏறும், பிறகு சமவெளி வரும். அந்தச் சமவெளியில்தான் பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் இறங்காதீர்கள்.

மாயவரம் வாசகி: 40 வருஷமாகத் தினமும் வாசலில் கோலம் போடுகிறேன். ‘இதில் என்ன வளர்ச்சி?’ என்கிறான் மகன்.

நாளை விடியற்காலை 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. மாவுக் கிண்ணத்தை அவன் கையில் கொடுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே கனத்தில் இறங்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் திட்டு, கொஞ்சம் தளர்த்தினால் இழை அறுந்துவிடும். சிக்குக் கோலத்தில் வளைவு திரும்பும் இடத்தில் கை தயங்கக் கூடாது. தயங்கிய இடம் வெளுப்பாகத் தனியே தெரியும். குனிந்தபடி பின்னால் நகர வேண்டும், போட்ட புள்ளியை மிதிக்காமல். ஏழாவது புள்ளியில் பையன் உட்கார்ந்துவிடுவான். இதை நீங்கள் பால்காரர் வருவதற்குள், பேசிக்கொண்டே முடிக்கிறீர்கள்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலத்தை எடுத்துக்கொண்டு கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். உங்கள் வாசல் பல்கலைக்கழகம்வரை போய் வந்தாயிற்று. மகனை எழுப்புங்கள்.

சேலம் வாசகர்: தினம் ஐந்து பக்கம் படித்து என்ன ஆகப்போகிறது?

வருஷத்துக்கு 1,825 பக்கம். ‘பொன்னியின் செல்வன்’ நாவலே 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் கொஞ்சம் கொஞ்சமாக, வாராவாரம்தான் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன் என்று பெருமைப்படுகிறோம். எழுதியவர் மூன்றரை வருஷம் மூச்சுப் பிடித்தார்!

புதுச்சேரி வாசகர்: டைரி எழுதத் தொடங்கினால் பொங்கலைத் தாண்டுவதில்லை. வழி?

உங்கள் ஊர்க்காரரையே கேளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை எழுதினார். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; தானும் பெரிய வியாபாரி. மூச்சு விட நேரமில்லாத மனிதர். ஆனாலும் வந்த கப்பல், விற்ற துணி, நடந்த சண்டை, காதில் விழுந்த வம்பு எல்லாம் ஏறியது. இடையில் விட்டுப்போன நாள்களும் உண்டு. அழகாக எழுத உட்காரவில்லை, பார்த்ததை எழுதினார். அதனால்தான் ஓடியது. கப்பலெல்லாம் போய்விட்டது, நோட்டு நிற்கிறது.

கரூர் வாசகர்: எறும்பு ஊரக் கல் தேயுமா?

பிகாரில் கெலவுர் கிராமத்துக்குப் போய்க் கேளுங்கள். தசரத் மாஞ்சி என்ற கூலித் தொழிலாளி உளியும் சுத்தியலுமாக 1960-இலிருந்து 1982 வரை மலையை வெட்டி வழி அமைத்தார். பைத்தியம் என்று ஊர் சிரித்தது. அந்த வழியில் இப்போது ஊரே நடக்கிறது.

திருப்பூர் வாசகி: காலையில் எழுந்ததும் கை போனைத்தான் தேடுகிறது. மனஉறுதி போதவில்லையோ?

உறுதியைக் குறை சொல்லாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். போன் தலையணைக்குப் பக்கத்தில், புத்தகம் பீரோவுக்குள் என்றால் யார் ஜெயிப்பார்? இன்றிரவே இரண்டும் இடம் மாறட்டும். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். கை சோம்பேறி, எட்டியதைத்தான் எடுக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: நடைப்பயிற்சி எத்தனை கிலோமீட்டரில் தொடங்கலாம்?

செருப்பு மாட்டுவதில். மழை, விருந்தாளி, தலைவலி எல்லாம் ஒரே நாளில் வந்தாலும் முடிகிற அளவுதான் உங்கள் அளவு. அன்றைக்குத் தெருமுனை வரை. மற்ற நாளில் கால் தானாகக் கூட்டிக்கொள்ளும்.

நாகர்கோவில் வாசகி: பெரியப்பா, நீங்கள் தினமும் விடாமல் செய்வது என்ன?

தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதுவேன். ஒரே ஒரு வரி. அன்று பார்த்தது, அல்லது புதிதாகத் தெரிந்துகொண்டது. பழைய பிஸ்கட் டின் மூன்று நிறைந்துவிட்டன.

இரண்டு மாதமாகப் பேத்தி வாழைப்பழம் உரிக்கும்போதெல்லாம் அதன் பேரை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பாள். ‘வாளப்பளம்’ என்று வரும், அவளே தலையாட்டி மறுப்பாள், பிறகு தின்பாள். நேற்றைய தாளில் எழுதியது: ‘குழந்தைக்கு ழ வந்துவிட்டது.’