ஏழு மணித் தமிழ்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சாயங்காலம் ஆறரை மணிக்குமேல், சுக்கு மிளகு வாசனைக்கு நடுவே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தால், ரயிலைப் பிடிக்க ஓடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறார். அவர்தான் தமிழப்பா.

தமிழப்பா ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். ஏலக்காய்க் கணக்கோடு போடியிலிருந்து வந்தவர் உண்டு. விருதுநகர் வற்றல் லாரியில் வந்து, திரும்பிப் போக மறந்தவர் உண்டு. நமக்குப் பழக்கமானவர் கோவில்பட்டிக்காரர். மளிகைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கிட்டங்கிக்கு மலையாளத்தில் பாண்டிகசாலை என்று பெயர். "நம்மளப் பாண்டின்னு கூப்பிட்டது பத்தாதுன்னு, நாம வேலை பாக்கிற எடத்துக்கும் அந்தப் பேரையே வச்சிருக்கான்" என்பது வந்த முதல் வாரத்தில் அவர் நடத்திய மொழியாராய்ச்சி. பண்டகசாலைதான் அப்படி ஆகியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் கேட்க மாட்டார். ஒரு மனத்தாங்கலை யாரும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட மாட்டார்கள்.

மகள் பிறந்தபோது பெயரில் கட்டாயம் ஒரு ழ வேண்டும் என்று நின்றார். எங்கே போனாலும் தமிழ்ப் பிள்ளை என்று தெரிய வேண்டுமாம். யாழினி என்று வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மலையாளிக்கு ழகரம் தண்ணீர் பட்ட பாடு. மழ, புழ, கோழி, வாழப்பழம் என்று பிறந்த நாள் முதல் நாக்கை மடித்துப் பழகியவர்கள். மீன்காரம்மா, ஆட்டோக்காரர், தபால்காரர் எல்லாரும் 'யாழினி' என்று ஒரு தமிழ்ப் புலவருக்குக் கண் கலங்கும்படி கூப்பிடுகிறார்கள். தெருவிலேயே அந்தப் பெயரைச் சொல்லத் தெரியாத ஒரே ஆள், வைத்தவர்தான்.

"ஏட்டி யாளினி, மணி ஏளு ஆச்சு. தமிள் படிக்க வா."

"யாழினிப்பா. ழ, ழ."

"அதத்தானட்டி சொன்னேன், யாளினின்னு."

அடுத்த அடி சொந்த ஊரிலிருந்து வந்தது. பள்ளியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அப்பாவின் ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது. இவள் கோவில்பட்டி என்றாள். வகுப்பு உருண்டு சிரித்தது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கோவிலில் படுத்திருக்கும் நாயின் ஊர்க்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. மானத்தை மீட்கத் தமிழப்பா கையாண்டது கோவில்பட்டியார் எவரும் கையாளும் ஆயுதம்தான். ஊரிலிருந்து இரண்டு கிலோ கடலைமிட்டாய் வரவழைத்தார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். வகுப்பு முழுக்கச் சப்புக்கொட்டித் தின்றது. மகள் வெற்றிச் செய்தியோடு வந்தாள்:

"எல்லாரும் கப்பலண்டி மிட்டாய் கொள்ளாம்னு சொன்னாங்கப்பா!"

'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும். தெரியாமல் போனது கப்பலண்டி. மலையாளத்தில் கடலை என்றால் கொண்டைக்கடலை, வேர்க்கடலைக்குப் பெயர் கப்பலண்டி. "கரிசக்காட்டுல வெளஞ்ச கடலைக்குக் கப்பல்ல என்னட்டி சோலி?" என்று கொதித்தார். "அது தென் அமெரிக்காவிலேருந்து கப்பல்லதானப்பா வந்துச்சு, புக்ல இருக்கு" என்றாள் மகள். அன்று ஏழு மணி வகுப்பு நடக்கவில்லை. வாத்தியாருக்குத் தலைவலி.

வகுப்பு நடக்காமல் போகக் காரணங்களுக்கும் பஞ்சமில்லை. பள்ளியில் மலையாளம் கட்டாயம், 2017-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. அதற்குமேல் ஆங்கிலம், இந்தி. மூன்று மொழியின் வீட்டுப்பாடத்தையும் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழ் என்பது இலையில் கடைசியாக விழும் மோர்ச்சோறு. வயிறு நிறைந்துவிட்டது, வேண்டாமென்றால் அப்பா முகம் வாடும். பொங்கலன்றாவது முழுநாள் தமிழ் நடத்தலாமென்றால், கேரள அரசு எல்லையோரத்து ஆறு மாவட்டங்களுக்கு மட்டும்தான் பொங்கல் விடுமுறை விடுகிறது. எறணாகுளம் அதில் இல்லை. மகள் காலையில் பொங்கலைத் தின்றுவிட்டு மலையாளப் பரீட்சைக்குப் போகிறாள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பிள்ளை வீட்டில் இருந்தால்தானே? அவள் மதியத்துக்கு மேல் தெருவின் பொதுச்சொத்து. கொங்கணி வீட்டில் தாளி தோய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்து, அம்மாவின் சாம்பாரில் என்னவோ குறைகிறது என்பாள். குஜராத்திப் பாட்டியை 'பா' என்பாள். சிநேகிதியின் தாயை 'உம்மா' என்பாள். முழங்காலில் அடிபட்டால் எந்த வீடு பக்கமோ அந்த வீட்டு மொழியில் அழுவாள். தமிழப்பா ஏழு மணிக்கு வாசலில் நின்று கூப்பிட்டால் மூன்று வீடுகளிலிருந்து மூன்று மொழிகளில் 'இங்கே இல்லை' என்று பதில் வரும். நாலாவது வீட்டில் பதிலே வராது. அங்கேதான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் வசம் வைத்துக்கொள்ள அரண்மனைக்குக் கூட்டிப்போவார். போர்ச்சுக்கீசியர் 1555-ல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் 1663-ல் வந்து பழுது பார்த்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் டச்சு அரண்மனை. "பாத்தியாட்டி, பெத்தவன் ஒருத்தன், பேரு வாங்கினது இன்னொருத்தன்" என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு கட்டடத்துக்காக விட்டது இல்லை. உள்ளே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதன் பிள்ளை வரம் கேட்டு யாகம் செய்வதில் தொடங்குகிறது. நாலு எட்டு நடப்பதற்குள் பிள்ளை காட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. "இம்புட்டுத்தான், நாலு எட்டு" என்று அங்கேயும் ஒரு பெருமூச்சு. மகளோ அதற்குள் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் அனுமாரை அறிமுகம் செய்துகொண்டிருப்பாள்.

தமிழம்மா இந்தப் போரில் எந்தப் பக்கமும் இல்லை. வந்த மூன்றே மாதத்தில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிப் பேசியே மலையாளம் கற்றுவிட்டவர். மத்திக்குக் கொச்சியில் சாள என்பார்கள், தூத்துக்குடிப் பக்கமும் சாளைதான். "மீனுக்கே சண்டை இல்ல, ஒங்களுக்கு என்னங்க?" என்பதோடு அவருடைய மொழிக்கொள்கை முடிந்துவிடுகிறது.

ஆதலால் தமிழப்பாவின் துயரத்தைக் கேட்க ஒரே இடம் டீக்கடை பெஞ்சு. அந்த பெஞ்சின் ஓரத்தில் நானும் உட்காருகிறவன் என்பதால் சாட்சி சொல்கிறேன். அங்கே அவருக்கு முன்பாகவே மூன்று பேர் துயரத்தோடு காத்திருப்பார்கள். கொங்கணியப்பாவின் மகன் கொங்கணியில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்கிறான். குஜராத்தியப்பாவின் மகளுக்குக் குஜராத்தி எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. கச்சி மேமன் அப்பாவின் பிள்ளைகள், பாட்டி பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாலு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் புலம்புவார்கள், நாலு பேருக்கும் பொதுவான மொழியில்.

"எந்து செய்யான்? மோள் தமிளு பறயுன்னில்லா" என்பார் நம்மவர்.

"என்டெ மோன் கொங்கணியும்" என்பார் அடுத்தவர்.

தாய்மொழிக்காக இவ்வளவு உருக்கமாக மலையாளத்தில் அழும் அப்பாக்களை வேறெங்கும் காண முடியாது.

யோசித்துப் பார்த்தால் இது நேற்றைய புலம்பல் இல்லை. கொங்கணிக்காரர்களின் முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கெடுபிடிக்குத் தப்பி, கோவாவை விட்டு வந்தவர்கள். வந்து இறங்கிய அடுத்த தலைமுறையிலேயே யாரோ ஓர் அப்பா, 'பையன் கொங்கணியை விட்டுவிடுவான்' என்று தலையில் கை வைத்திருப்பார். நானூறு வருஷத்துக்கு மேலாயிற்று, பெஞ்சில் இவர் அதே கையை அதே தலையில் வைத்திருக்கிறார். கொங்கணி இன்னும் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் இருக்கும் டோபிக்கானாவும் அப்படித்தான். டச்சுக்காரர் காலத்தில் படையாட்களின் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழர்களின் வழியினர் என்று அங்கே இருப்பவர்களைச் சொல்வார்கள். முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றில் கிளிப் இல்லாமல் துணி செருகுகிற அந்தக் கைகளுக்கிடையே இன்றும் தமிழ் கேட்கிறது. அப்பாக்களின் பாடத்தால் அது நிலைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாக்களின் புலம்பலால் வேண்டுமானால் நிலைத்திருக்கலாம். ஊறுகாய்க்கு உப்பு போல.

புலம்பல் ஓய்ந்த தெருவும் பக்கத்திலேயே இருக்கிறது. யூதர் தெருவில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயம் அப்படியே நிற்கிறது, சீனத்துத் தரையோடுகளின் நீலம் கூட மங்கவில்லை. ஆனால் 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்ள அங்கே அப்பாக்கள் இல்லை. அந்தத் தெருவைத் தாண்டும்போது மட்டும் நம் தமிழப்பா எதற்கும் குறை சொல்வதில்லை, மகளின் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

வாராவாரம் ஞாயிறு இரவு கோவில்பட்டி ஆச்சிக்குப் போன். அதுதான் வாரப் பரீட்சை. மகள் போனை வாங்கினாலே தமிழப்பாவுக்கு வியர்க்கும்.

"ஆச்சி, எனக்குப் பனி."

"சித்திரை வெயில்ல என்னத்தா பனி? அது என்ன ஊரோ!"

காய்ச்சல் என்று அப்பா பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பார்.

"ரெண்டு நாளா வெள்ளம் வரல ஆச்சி, ரொம்பக் கஷ்டம்."

"வெள்ளம் வரலேன்னா நல்லதுதான தாயி? சாமி காப்பாத்துச்சு."

குழாய்த் தண்ணீர் என்று அப்பா மறுபடியும் எடுத்துக்கொடுப்பார். பரீட்சையில் பிள்ளைக்கு விடை சொல்லும் வாத்தியாரின் அவமானம் அவருக்கு.

போன மாதம் ஒரு ஞாயிறு. ஆச்சியிடம் முதலில் பேசியவர் அவர்தான். அன்று முழுக்கக் கிட்டங்கியில் சரக்கு இறக்கிக் களைத்திருந்தார்.

"எம்மா, மருந்து களிச்சியா?"

மருந்து சாப்பிட்டாயா என்று மலையாளத்தில் அப்படித்தான் கேட்பார்கள். கோவில்பட்டியில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"கழிச்சலா? எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்! ஏல, என்ன பேச்சுப் பேசுத நீ? ஒம் பேச்சே கெட்டுப்போச்சு. போன அவட்ட குடு."

மகள் வாங்கினாள். ஆச்சி, பக்கத்து மனைக்காரன் வேலியைத் தள்ளிப் போட்ட வழக்கை அவளிடம் எடுத்து வைத்தார். தமிழப்பா வழக்கம்போலப் பின்னால் தயாராக நின்றார். தேவைப்படவில்லை.

"கூறுகெட்ட பயலா இருக்கான் ஆச்சி! எவன்ட்ட வந்து என்ன சோலி பாக்கான்? நாளைக்கே எடுக்கலேன்னா நடக்கதே வேறன்னு சொல்லுங்க!"

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு ஆச்சியின் குரல் தழுதழுத்தது. "எங்க மாமியா பேசுத மாதிரியே இருக்கு தாயி. யாரு சொல்லிக்குடுத்தா?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரக்கு லாரி வராத ராத்திரிகளில் தமிழப்பா டிரைவரோடு போனில் போட்ட சண்டைகளின் எழுத்துக்கு எழுத்து நகல் அது. ஏழு மணிப் பாடத்தின்போது கொட்டாவி விட்ட பிள்ளை, பத்து மணிச் சண்டையைப் போர்வைக்குள்ளிருந்து விழித்துக் கேட்டிருக்கிறது.

"நல்லா இருக்கணும் எங்க யாளினி" என்றார் ஆச்சி.

"யாழினி ஆச்சி. ழ."

"அதத்தான தாயி சொன்னேன், யாளினின்னு."

மறுநாள் தமிழப்பா டீக்கடைக்குக் கால்மணி முன்னாலேயே வந்துவிட்டார். நாலு டீயும் அவர் கணக்கு. வேலி, ஆச்சி, மாமியார் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். மகளின் தமிழை அங்குலம் அங்குலமாகப் புகழ்ந்தார், மலையாளத்தில்.

"கொள்ளாம்" என்றார் கொங்கணியப்பா.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த லாரிக்காரன்டெ நம்பர் ஒன்னு தருமோ? எனக்கும் கொங்கணியில் ஒரு வழக்கு கூடணும். மோன் ராத்திரி உறங்காதெ கேக்கும்."